சொறிச்சல் அடங்க: குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு பூச்சிக்கடி வழிகாட்டி

என் இடது முன்கையில் ஒரு ரூபாய்த் துட்டு அளவுக்கு வெளிறிய தழும்பு உண்டு. யாராவது கேட்டால் கடந்தை (பெரிய குளவி) குத்தியது என்பேன். அது பாதி உண்மைதான். குத்தியது கடந்தை, தழும்பைத் தந்தது சுண்ணாம்பு. எட்டு வயதில், குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் பலாமரத்து மூட்டில் நின்று கல் எறிந்துகொண்டிருந்தபோது வாங்கிய குத்து. ஆச்சி வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, விரல் நிறையச் சுண்ணாம்பை எடுத்து அப்பி, மேலே துணியும் சுற்றிவிட்டாள். "எரியட்டும்டே மக்களே, எரிஞ்சாத்தான் விஷம் இறங்கும்." சாயங்காலம் துணியை அவிழ்த்தால் வீக்கம் வடிந்திருந்தது. தோல் வெந்திருந்தது.

ஆச்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் கைப்பக்குவத்தில் பாதிக்கு மேல் இன்றும் என் வீட்டில் நடக்கிறது. ஆனால் எது கடித்தது என்று பார்க்காமல் எல்லாக் கடிக்கும் ஒரே மருந்தை அப்புவதுதான் நம்மிடம் உள்ள பெரிய பிழை. கொசுவுக்குச் செய்வது வேறு, தேனீக்குச் செய்வது வேறு, கம்பளிப்பூச்சிக்கு முற்றிலும் வேறு. இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. போதாததற்கு ரப்பர், வாழை, வயல், காயல், காடு. பூச்சிக்கு இங்கே ஓய்வே கிடையாது.

சொறிச்சல் எங்கிருந்து வருகிறது

பெண் கொசுதான் கடிக்கும். முட்டைக்கு அதற்கு ரத்தம் வேண்டும். குடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களை நம் உடல் எதிரி என்று எடுத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுகிறது. ரத்தக்குழாய் விரிந்து தடிப்பு எழும்புகிறது, நரம்பு தூண்டப்பட்டு அரிக்கிறது. சொறிந்தால் ஒரு நிமிடம் சுகம். ஆனால் சொறிகிற வேகத்தில் அந்த இடம் இன்னும் அழன்று, அரிப்பு இரட்டிப்பாகும். நகத்தில் உள்ள அழுக்கு தோலுக்குள் போனால் மறுநாள் சீழ்.

ஆகவே வீட்டு வைத்தியம் என்பது ஹிஸ்டமின் வேலையைத் தணிப்பது, கையைச் சொறியவிடாமல் வைப்பது, இந்த இரண்டும்தான். "விஷத்தை முறிப்பது" என்ற பேச்சை இப்போதே ஓரமாக வைத்துவிடலாம்.

படி 1: எது கடித்தது என்று பாருங்கள்

தேனீ என்றால் யோசிக்க நேரம் இல்லை. அதன் கொடுக்கில் முள் உண்டு. தோலில் மாட்டிக்கொண்டு, விஷப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். தேனீ பறந்துபோன பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் வழித்தாலும் சரி, விரலால் பிடுங்கினாலும் சரி, சில விநாடிகளுக்குள் எடுப்பதுதான் முக்கியம். "பிடுங்கக்கூடாது, வழிக்கத்தான் வேண்டும்" என்று சொல்லி ஏடிஎம் கார்டு தேடி வீட்டுக்குள் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேடி முடிப்பதற்குள் பை காலியாகிவிடும்.

நம் ஊரில் இது வெறும் தகவல் அல்ல. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேன் பெட்டி இல்லாத ரப்பர் தோட்டம் அபூர்வம். இலை உதிர்ந்து புதுக் கொழுந்து விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, ரப்பரின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத் தேடித் தேனீக்கள் மொய்க்கும். அந்த மாதங்களில் பெட்டிக்கு அருகே பிள்ளைகளை விடாதீர்கள். இன்னொரு சங்கதி: குத்திய தேனீ மற்ற தேனீக்களைக் கூப்பிட ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. அதில் முக்கியமான பொருளின் மணம் அசல் வாழைப்பழ மணம். மட்டி வாழைப்பழம் விளையும் மண்ணில் இது வேடிக்கைதான். ஒரு குத்து வாங்கியதும் அங்கேயே நின்று தடவிக்கொண்டிருக்காமல், முகத்தைத் துவர்த்தால், அதாவது துண்டால், மூடிக்கொண்டு ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த மணமும் போகும். குளத்தில் குதிப்பது தீர்வு ஆகாது. மேலே வரும்வரை அவை காத்திருக்கும்.

கடந்தைக்கும் குளவிக்கும் கொடுக்கு தோலில் நிற்காது. தேடித் தேடிக் கிள்ளிப் புண்ணாக்க வேண்டாம். ஆனால் ஒரே கடந்தை பலமுறை குத்தும்.

கம்பளிப்பூச்சி பட்டால் முதல் விதி, தேய்க்கக்கூடாது. முருங்கை மரம் நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும். தண்டோடு கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தால் அதன் மயிர் முனைகள் ஒடிந்து இன்னும் ஆழமாகப் போகும். செலோ டேப்பையோ, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரையோ அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி உரியுங்கள். மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத்துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் டேப்பில் பொன்னிற மயிர்கள் ஒட்டியிருப்பது தெரியும். அதன் பிறகுதான் தண்ணீர், சோப்பு எல்லாம். உடுத்திருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

காளிகேசம், கீரிப்பாறை பக்கம் மழை நேரத்தில் போனால் அட்டை உறுதி. உப்பு, புகையிலை, தீக்குச்சி என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அப்படிச் செய்தால் அட்டை விழும், ஆனால் விழும்போது குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும். நகத்தைத் தோலோடு ஒட்ட வைத்து, முதலில் மெலிந்த முனையையும் பிறகு தடித்த முனையையும் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கும் பொருளை அது விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம் சில நாள் சொறிச்சல் இருக்கும், அதற்கு மற்றக் கடிகளுக்குச் சொல்வதே பொருந்தும்.

கடைசியாக, கடிக்காமலே சுடுகிற இரண்டு. ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குப் பிறகு, ரப்பர் தோட்டத்துச் சருகிலிருந்து கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் வந்து ஓட்டுக்கூரையில் அடைகிற கருவண்டு. தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். படுக்கையில் விழுந்து உடலுக்கடியில் நசுங்கினால் அது விடும் நீர் தோலைப் பொள்ள வைக்கும். இன்னொன்று, ராத்திரி விளக்கைத் தேடி வரும், எறும்பு மாதிரி நீண்ட, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும் சின்னப் பூச்சி. அறுவடை நேரத்தில் வயல் பக்கம் அதிகம். கழுத்தில் ஊர்கிறதே என்று அடித்து நசுக்கினால் ஓரிரு நாள் கழித்துச் சாட்டையால் அடித்தது போல எரிச்சலோடு கொப்புளம் வரும். இரண்டையும் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அந்தக் கையோடு கண்ணைத் தொடவே கூடாது.

படி 2: கழுவுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள்

சோப்பும் ஓடுகிற தண்ணீரும். இதை மருந்தாகவே யாரும் மதிப்பதில்லை, ஆனால் பாதி வேலை இதில் முடிந்துவிடும். முசுறு கடித்தால் இது இன்னும் முக்கியம். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பெறும்பு, கடித்த இடத்திலேயே பின்புறத்தை வளைத்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கழுவினால் மேலே இருக்கிற அமிலம் போய்விடும்.

கையில் குத்து என்றால் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாமல், கடைசியில் மோதிரத்தை வெட்டி எடுத்த கதை எங்கள் சொந்தத்திலேயே உண்டு. கல்யாண மோதிரம். அந்த அண்ணனுக்குக் குத்து வலித்ததை விட அண்ணியிடம் பதில் சொன்னதுதான் வலித்திருக்கும்.

படி 3: குளிர்ச்சி

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், வீக்கம் குறையும், நரம்பு மரத்து அரிப்பும் வலியும் அடங்கும். ஐஸ் கட்டியை ஈரிழைத் துவர்த்தில் பொதிந்து 10 நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டு, தோல் பழைய சூட்டுக்கு வந்தபின் தேவைப்பட்டால் மறுபடியும் 10 நிமிடம். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் அதுவும் ஒரு வகைச் சூடுதான், தோல் கறுத்துப்போகும்.

கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை என்றால் கிணற்றுத் தண்ணீரில் துவர்த்தை நனைத்துப் பிழிந்து போடுங்கள். சூடானதும் மாற்றுங்கள். கை, கால் என்றால் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

சிலர் சூடு வைத்தாலும் அரிப்பு நிற்கும் என்பார்கள். சில விநாடிச் சூடு கொசுக்கடி அரிப்பைத் தணிப்பது உண்மைதான், அதற்கென்றே சூட்டை அளவோடு தரும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் வீட்டில் கரண்டியைக் காய்ச்சி வைப்பதில் அளவு யார் கையில் இருக்கிறது? பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 4: அடுக்களையிலிருந்து எதை எடுக்கலாம்

*ஆப்பச்சோடா.* கொசு, எறும்புக்கடிக்கு என் முதல் தேர்வு. ஒரு மேசைக்கரண்டி சோடாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். சட்னிப் பதம் கூடாது, வழியும். விரலில் எடுத்தால் நிற்கிற பதம், பல் தேய்க்கும் பேஸ்ட் போல. தடிப்பின் மேல் பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். காய்ந்து வெள்ளையாக வெடிக்கும்வரை வைத்தால் தோல் வறண்டு அதுவே அரிக்கும். சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் பூசக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் படித்திருப்போம்: தேனீ விஷம் அமிலம், ஆகவே சோடா போடு, குளவி விஷம் காரம், ஆகவே வினிகர் போடு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் தேனீ விஷம் வேலை செய்வது அதிலுள்ள புரதப் பொருள்களால், அதுவும் தோலுக்குள்ளே போய். மேலே பூசும் சோடாவோ வினிகரோ அதைப் போய்ச் சேராது. சோடா அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே.

*கற்றாழை.* வேலியோரம் நிற்பதை ஒடித்து அப்படியே தேய்ப்பதுதான் வழக்கம். அதில்தான் பிழை. ஒடித்ததும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நீர் வடியும், பலருக்கு அதுவே அரிப்பை உண்டாக்கும். மடலை வெட்டி, வெட்டு வாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் 15 நிமிடம் நிறுத்துங்கள். மஞ்சள் நீர் இறங்கிவிடும். பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பூசுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும். கருவண்டு நீர் பட்ட எரிச்சலுக்குக்கூட, கழுவிய பிறகு இது இதமாக இருக்கும்.

*தேங்காண்ணை.* அரிப்பை உடனே நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தோல் வறண்டு செதில் விடும்போது ஏற்படும் நமைச்சலுக்குத்தான் இது. எண்ணெயோடு மஞ்சள் குழைத்துப் பூசுவதும் தவறில்லை. துணியெல்லாம் மஞ்சளாகும், வேறு நஷ்டம் பெரிதாக இல்லை.

*கிராம்பு.* மாறாமலைக் கிராம்புத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மணம் மூக்கை விட்டுப் போகாது. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்க வைக்கும், பல்வலிக்கு வைப்பது அதனால்தான். ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே தோலில் வைத்தால் எரித்துவிடும். ஒரு மேசைக்கரண்டி தேங்காண்ணையில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் கடிவாயில் தொட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் முகத்துக்கும் கூடாது.

*துளசி, குப்பைமேனி, வேப்பிலை.* மருந்துவாழ் மலை இருக்கிற மாவட்டத்தில் பச்சிலை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அரைக்கிற அம்மியும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும், தோல் கிழியாமல் இருக்க வேண்டும். குப்பைமேனி சிலருக்குத் தடிப்பை அதிகப்படுத்தும். துளசியைக் கசக்கித் தேய்த்தால் இதமாக இருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள், எனக்கும் இருந்திருக்கிறது. கையில் வேறு ஒன்றும் இல்லாதபோது செய்யலாம்.

ஆறிய கட்டன் சாயாவில் (பால் விடாத தேநீரில்) துணி நனைத்து வைப்பது, பழத்தோலைத் தேய்ப்பது எல்லாம் ஒரே வகைதான். குளிர்ச்சியும் ஈரமும் வேலை செய்கின்றன.

அடுக்களையில் தொடக்கூடாதவை

சுண்ணாம்பு: என் கையைப் பாருங்கள். அது கடுங்காரம், ஈரத்தோடு தோலில் இருந்தால் வேகவைக்கும். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவதும் அப்படியே பொள்ளவைக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எலுமிச்சையைத்தான் பலர் சந்தேகப்படுவதில்லை. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதிலுள்ள ஒரு பொருள் ஒளியோடு வினை செய்து கொப்புளம் போடவைக்கும். ஆறினாலும் கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். சொத்தவிளைக் கடற்கரைக்கோ முட்டத்துக்கோ போய் மணல்வெளியில் பூச்சி கடித்து, சர்பத் கடையில் எலுமிச்சைத் தோலை வாங்கித் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடந்தால் நடப்பது இதுதான்.

படி 5: மருந்துக்கடைக்குப் போவதென்றால்

கேலமைன் லோஷன் ஒரு பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கலாம். நன்றாகக் குலுக்கிப் பஞ்சில் தொட்டுப் பூச வேண்டும். அதற்கும் அடங்காத தடிப்புக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லியதாக, நாளுக்கு இரண்டு முறை, சில நாள் மட்டும். ராத்திரி தூங்கவிடாத அரிப்பு என்றால் பெரியவர்களுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒரு மாத்திரை. தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது. பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வேறு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

"சொறிச்சலுக்கு ஒரு டியூப் தாங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். வீரியமான ஸ்டீராய்டும் படைக்கு உள்ள மருந்தும் ஆண்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கலந்த டியூப் ஒன்று கையில் வரும். இரண்டு நாளில் மாயம் போல அடங்கும். அதையே எல்லாவற்றுக்கும் பூசிப் பூசித் தோல் மெலிந்து, படை உடல் முழுக்கப் பரவி நிற்பவர்கள் நிறையப் பேர்.

படி 6: ராத்திரி

அரிப்பு ராத்திரிதான் ஆட்டம் போடும். வேறு கவனம் இல்லை, போர்வைச் சூடு வேறு. பிள்ளைகளின் நகத்தை அன்றைக்கே ஒட்ட வெட்டிவிடுங்கள். கடிவாயின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டினால், தூக்கத்தில் சொறிந்தாலும் தோல் கிழியாது. நகத்தால் கூட்டல் குறி போட்டு அழுத்துவது நாம் எல்லோரும் செய்ததுதான். அதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய இடம்

குத்து வாங்கியவருக்கு உதடு, நாக்கு, கண் இமை வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், குரல் கம்மினாலும், உடல் முழுக்கத் தடித்தாலும், தலை சுற்றினாலும், வாந்தி வந்தாலும் 108-ஐ அழையுங்கள். இதற்கு உள்ள மருந்து அட்ரினலின் ஊசி. செட்டிரிசினைக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பது ஆபத்து. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடுங்கள். எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். தொண்டைக்குள் குத்து வாங்கினாலும், ஒரே நேரத்தில் பத்து இருபது குத்து வாங்கினாலும், அறிகுறி வரும்வரை பார்த்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. முதல் இரண்டு நாள் சிவந்து வீங்குவது சாதாரணம். அதற்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ் வைத்தால், கோடு போல மேலே ஏறினால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு உடலில் எங்காவது, குறிப்பாக அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பில், சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடிப்பதால் வருவது, கடித்தது தெரியவே தெரியாது. டாக்டரிடம் அந்தப் பொருக்கை நீங்களே காட்டுங்கள். மழைக்காலத்தில் கொசுக்கடிக்குப் பின் கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் டெங்குவையும் நினைக்க வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, முக்கியமாக ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும், வேண்டாம்.

கடிக்கும் முன்னே

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் அக்காள் விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். முழுக்கைச் சட்டை, பாவாடைக்குள் பேன்ட், தலையில் துணி. "வேர்க்கும்தான். ஆனா கொசுவுக்குத் தேங்காண்ணை தேச்சுட்டு நின்னா வேலை நடக்குமா பிள்ளே?" என்பாள். தேங்காண்ணை மட்டும் பூசினால் கொசு கொஞ்ச நேரம்தான் தள்ளி நிற்கும். கடைக் களிம்பு, நீளக்கை, சாயங்காலம் ஜன்னல் அடைப்பது, வலை, இவைதான் நிற்கும். வேப்பிலைப் புகை போடுகிறவர்கள் வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மழை வலுத்து வெட்டு நிற்கும் வாரங்களில் அவள் செய்யும் இன்னொரு வேலைதான் எங்கள் தெருவுக்கே உபகாரம். மரத்துக்கு மரம் போய், பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பாள். ஒரு சிரட்டையில் தேங்கும் கை அளவு தண்ணீர் போதும், பகலில் கடிக்கும் வரிக்கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளுக்குள் புதுக்கொசு பறந்துவிடும். ஒரு தோட்டத்தில் எத்தனை நூறு சிரட்டை என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ரப்பர் இல்லாவிட்டாலும் தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.